சித்ரலேகா டீச்சரும் நடுச்சாமத்துக்காரியும்

சித்ரலேகா டீச்சருக்குப் புத்தி சொல்வது என்றால் சோறு தண்ணி வேண்டாம். திருநெல்வேலி டவுனில் அவர்கள் தெருவில் யார் வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டாலும், யார் வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் பேச்சு நின்று போனாலும், "எதுக்கும் டீச்சரை ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்" என்று வந்து நிற்பார்கள். கேட்க வராதவர்களுக்கும் அவளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நல்ல உயரம், கணீரென்ற குரல். அவள் பேசி முடித்த பிறகு எதிரே இருப்பவர்கள் "சரி டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். வேறு எதுவும் சொல்ல இடம் இருக்காது.

வாழ்க்கைப்பட்டது சேரன்மகாதேவிப் பக்கம் வயலும் தோப்புமாக இருந்த சைவக் குடும்பத்தில். வயலெல்லாம் மாமனார் காலத்திலேயே கைமாறிப் போயிற்று. மிச்சம் இருந்தது டவுனில் ஒரு நீள வீடு. அதை நடுவில் சுவர் வைத்துத் தடுத்து, முன்பாதியில் மூத்தவர் நாறும்பூநாதனும் சித்ரலேகாவும், பின்பாதியில் இளையவர் கார்த்திகேசனும் அவர் மனைவி பிருந்தாவும் இருந்தார்கள். இரண்டு அடுப்பு, ஒரு கிணறு, நடுவில் ஒரு கதவு.

பிருந்தா பி.எஸ்ஸி. படித்தவள். வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் வரை வாரப் பத்திரிகை, சாயங்காலம் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கோயில். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், துருவித் துருவிக் கேட்பாள். கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா தலைவலி என்று உட்கார்ந்தால், எல்லாரும் தைலம் தேடுவார்கள். பிருந்தா மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வலி வாரதுக்கு முந்தி யார்கூடப் பேசிக்கிட்டிருந்தீங்க பெரியம்மா?" என்பாள். பெரியம்மா சம்பந்தியைப் பற்றி அழ ஆரம்பிப்பாள். ஒரு தடவை இதனால் பந்தியே நின்று போனது. மாமியார் பாலம்மாள் சாகிற வரைக்கும், "ஊர் வாயைக் கிண்டுததுக்குன்னே பொறந்திருக்கா" என்று திட்டிக்கொண்டுதான் இருந்தாள். திட்டும்போதெல்லாம் சித்ரலேகா பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். கேட்க நன்றாக இருக்கும்.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பாக்கியசீலன் என்று ஒரு டாக்டர். மனநல வைத்தியம் படித்தவர். விஷம் குடித்தவர்களைப் படுக்கப் போடும் வார்டுக்கு எதிரே ஒரு சின்ன அறையை வாங்கி, வெளியில் 'செவி' என்று பலகை எழுதி மாட்டினார். பூச்சிமருந்து குடித்தவர்கள், அரளிக்காய் அரைத்துத் தின்றவர்கள் என்று வார்டு என்றைக்கும் காலியாக இருந்ததில்லை. பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினால், அதே வீட்டிலிருந்து அதே ஆள் மறுபடியும் வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர் அவர். உட்கார்ந்து பேச ஆள் வேண்டும் என்று ஊரில் கேட்டபோது முதல் வாரமே போய் நின்றவள் சித்ரலேகா. பேசுவதற்குத்தானே கூப்பிடுகிறார்கள்?

பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டாள். உண்மையான காரணம் வேறு. பாளையங்கோட்டையில் அக்காவுக்கு எவ்வளவு மரியாதை என்று ஓரகத்தி கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான்.

தொண்ணூற்றேழாம் வருஷம் தைக்குப் பிறகு டாக்டர் பெங்களூருக்குப் போய் ஏதோ புதுப் பயிற்சி எடுத்துவிட்டு, ஜெராக்ஸ் கட்டோடு வந்தார். எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஆளே பிரச்சினைன்னு நினைக்கோம். ஆள் வேற, ஆளைப் போட்டு ஆட்டுறது வேற. அதைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்கச் சொல்லணும். அதுக்கு என்ன பேருன்னு அவங்களே வைக்கட்டும். அது எப்ப வருது, வந்தா என்ன சொல்லுது, என்னைக்காவது அதை ஏமாத்தியிருக்காங்களா, இதையெல்லாம் கேக்கணும். ஒவ்வொருத்தர் கதையிலயும் அவங்களே மறந்துபோன ஒரு இடம் இருக்கும். அங்க அவங்க தோத்திருக்க மாட்டாங்க. அதைத் தேடிக் கேக்கணும்."

"எப்ப புத்தி சொல்லணும் டாக்டர்?" என்றாள் சித்ரலேகா.

"சொல்லவே கூடாது டீச்சர்."

சித்ரலேகா சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

பழகிப் பார்ப்பதற்காக ஒருவருக்கொருவர் பேசச் சொன்னார். சித்ரலேகாவுக்கு வாய்த்தவர் ஐயம்பெருமாள், போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதிலிருந்து தூக்கம் வரவில்லை என்றார். மத்தியானம் படுக்காதீர்கள், சாயங்காலம் நடங்கள், படுக்கப் போகும்போது பால் குடியுங்கள் என்று சித்ரலேகா மளமளவென்று முடித்துவிட்டாள். "சரி டீச்சர்" என்றார் அவர். டாக்டர் ஒன்றும் சொல்லாமல், "பிருந்தா, நீங்க கேட்டுப் பாருங்க" என்றார்.

பிருந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தூக்கம் வராதப்ப யாரோ உங்களை எழுப்புதாப்பல இருக்குமா அண்ணாச்சி?" என்றாள்.

ஐயம்பெருமாள் யோசித்தார். "ஆமா. தபால் பை கட்ட நேரமாச்சுன்னு ஒரு ஆள் கூப்பிடுதாப்பல இருக்கும்."

"எந்த ஆளு? பேர் என்ன?"

"மெயில் வண்டிக்காரன்னு வச்சுக்கோங்களேன்."

அப்புறம் அந்த மனிதர் பேசினார் பாருங்கள். மெயில் வண்டிக்காரன் எப்படி வருவான், எந்த நாள் வரமாட்டான், மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனோடு படுத்த அன்றைக்கு அவனை எப்படி ஏமாற்றினார் என்று. அறையில் எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இதுதான்" என்றார் டாக்டர். யாரோ கை தட்டினார்கள். எந்தப் பழக்கத்துக்கு வீட்டில் காலமெல்லாம் திட்டு விழுந்ததோ, அதே பழக்கத்துக்குப் பாளையங்கோட்டையில் கைதட்டு. சித்ரலேகாவுக்கு அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல்.

அது லேசில் விடவில்லை. களக்காட்டிலிருந்து ஒரு வாழை விவசாயி வந்தார். காற்றில் குலை தள்ளிய வாழை முழுக்கச் சாய்ந்து போய், மருந்தைக் குடித்துவிட்டவர். சித்ரலேகா போய், ரெண்டு பெண்பிள்ளைகளை நினைத்துப் பார்த்தீர்களா என்றாள். நினைத்துப் பார்த்துத்தான் குடித்தேன் என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் பிருந்தா போய் என்ன கேட்டாளோ, அவர் எழுந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பேசினார். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு 'செவி' வாசலில் வந்து நின்று, "அந்தச் சின்னம்மா இருக்காவளா?" என்றார். சித்ரலேகாதான் வாசலில் இருந்தாள். அவளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

அன்று ராச்சாப்பாட்டில் நாறும்பூநாதனிடம் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நம்ம வீட்டு ஆட்கள்தானே, நல்லதுதானே" என்றார். அவருக்கு அப்பளம் கிடைக்கவில்லை.

முயற்சி செய்யாமல் இருந்தாள் என்று சொல்லக் கூடாது. ஜெராக்ஸை வாங்கி வந்து மனப்பாடம் செய்தாள். காய்கறிக்காரரிடம், "உங்க முட்டுவலிக்கு ஒரு பேர் வைங்களேன்" என்றாள். "முட்டுவலிதான்" என்றார் அவர். வார்டிலும் கேள்வி கேட்டாள். ஆனால் வகுப்பில் வாய்மொழித் தேர்வு வைப்பது போலக் கேட்டாள். சரியான பதில் அவள் மனதில் முதலிலேயே இருக்கும். அது வருகிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வராவிட்டால் எடுத்துக் கொடுப்பாள். நோயாளிகள் "சரி டீச்சர்" என்றார்கள். நடுக்கதவு வழியாகப் பலகாரம் போய்க்கொண்டிருந்தது. அதையும் நிறுத்திவிட்டாள். பிருந்தா கேட்கவும் இல்லை. ஊரையே துருவுகிறவள் இதைத் துருவவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பொருமினாள்.

சித்திரை வெயிலில் பொன்செல்வி வந்தாள். முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமம், பீடி சுற்றுகிற பிள்ளை. புருஷன் வன்னியராஜ் பம்பாயில் ஒரு கடையில் வேலை பார்த்தான். வயிற்றில் தங்கியது இரண்டு தடவை கலைந்துவிட்டது. ஒரு நாள் அரளிக்காயைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அரளி நேரே இருதயத்தைப் பிடிக்கும். கண் விழித்துவிட்டாளே என்று நம்பிவிடக் கூடாது, துடிப்பு நிதானத்துக்கு வருகிற வரைக்கும் அசையாமல் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட இருந்தது மாமியார் இசக்கியம்மா.

பொன்செல்வியைப் பிருந்தாவிடம் விட்டார்கள். பிருந்தா இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் சொன்னாள். "மாமியாரை டீ வாங்க அனுப்பிட்டுத்தான் பேச முடியுது. அவங்க இருந்தா வாயே திறக்க மாட்டேங்கா. பேர் இன்னும் வரல. வர்ற மாதிரி இருக்கு. நான் பையப் போறேன் டாக்டர்."

"பையவே போங்க" என்றார் டாக்டர், ஏதோ தன் பெண்ணுக்குச் சொல்வது மாதிரி.

அந்தப் பெயர் தன் காதில்தான் முதலில் விழ வேண்டும் என்று சித்ரலேகா அப்போதே முடிவு செய்துவிட்டாள். பள்ளிக்கூடம் லீவு. ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் முறை இல்லாத நாளில், தனியாகப் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனாள்.

வார்டில் பார்வையாளர் கூட்டம். பொன்செல்வி படுத்திருந்தாள். இசக்கியம்மா கட்டிலடியில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னக்கா வரலையா?" என்றாள் பொன்செல்வி.

"அவளுக்கு வேற வேலை. இனிமே நான்தான் வருவேன்" என்றாள் சித்ரலேகா. பொய் சொன்னதில் அவளுக்குக் கூச்சமே வரவில்லை.

இசக்கியம்மாவை வெளியே அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பவில்லை. தான் ஒரு காரியம் செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படி, கணீரென்று ஆரம்பித்தாள்.

"பொன்செல்வி, நீ வேற, உன்னைப் போட்டு ஆட்டுதது வேற. அதுக்கு ஒரு பேர் இருக்கும். என்ன பேருன்னு சொல்லு பாப்போம்."

பொன்செல்வி விழித்தாள். டீச்சர் விடவில்லை. அது ஆணா, பெண்ணா, எப்போது வரும் என்று அடுத்தடுத்துக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்ற பிள்ளை. டீச்சர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற பயம் அதற்கு இன்னும் இருந்தது.

"பொம்பளதான். நடுச்சாமத்துல வருவா."

"அப்ப நடுச்சாமத்துக்காரின்னு சொல்லலாமா?"

"ம்."

"வந்து என்ன சொல்லுவா?"

"தலமாட்டுல உக்காந்துக்கிட்டு, 'நீ என்னத்துக்குட்டி இருக்கே'ம்பா."

சித்ரலேகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வந்துவிட்டது பெயர், தன்னிடம் வந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருக்கலாம். வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. "என்ன சேலை கட்டியிருப்பா?" என்று கேட்டாள்.

"பச்சைச் சேலைன்னு நினைக்கேன்" என்றது பிள்ளை.

இசக்கியம்மாவின் கையிலிருந்த சாத்துக்குடி அப்படியே நின்றது. அவள் சித்ரலேகாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு மேலே ஒரு நிம்மதியும் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி, "அப்ப மருமவ மேல தப்பில்ல, வேற ஆளுல்லா வந்து நிக்கா" என்றாள். சித்ரலேகா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வெளியே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானக் கூட்டத்துக்கு டாக்டர் சிவந்த முகத்தோடு வந்தார். பொன்செல்வியை முந்தின நாளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டர் பேச்சைக் கேட்காமல் கைநாட்டு வைத்துவிட்டு இசக்கியம்மா நடத்திக்கொண்டு போனாளாம். பிள்ளையைப் பிடித்திருப்பது பச்சைச் சேலைப் பேய் என்றும், செவி ரூமிலிருந்து வந்த அம்மாவே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் வார்டு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குச் சாயங்காலம் கோடாங்கி வந்து பேயை இறக்குகிறார்.

"அந்தப் பிள்ளை இருதயம் இன்னும் தப்பித் தப்பி அடிக்கு" என்றார் டாக்டர். "உடுக்கடிச்சு, ஆட வச்சு, விளாறால அடிச்சா அங்கனயே நின்னுரும்." பேசிக்கொண்டே அவர் பிருந்தாவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். "பையப் போறேன்னு சொன்னீங்களேம்மா."

பிருந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் சேலையெல்லாம் கேக்கலையே டாக்டர்" என்றாள். அவள் குரல் தழுதழுத்ததை சித்ரலேகா அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கேட்க இனித்தது. இத்தனை மாதமாக அவள் வேண்டிக்கொண்டிருந்த காட்சி அல்லவா இது? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பிருந்தா இனி இந்த அறைக்கு வரமாட்டாள்.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள், கொஞ்ச நேரம். அப்புறம், 'அங்கனயே நின்னுரும்' என்று டாக்டர் சொன்னது காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. பதில் சொல்லாவிட்டால் டீச்சர் கோபித்துக்கொள்வாள் என்று பயந்து பயந்து சொன்ன பிள்ளையின் முகம் வந்தது.

"நான்தான் கேட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை போனேன். மாமியாரை வச்சுக்கிட்டே கேட்டேன்."

எல்லாரும் இப்போது அவளைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டர் ஆஸ்பத்திரி வேனைக் கொண்டுவரச் சொன்னார். "நான் வந்தா போலீஸ் கேஸுன்னு பயந்து பிள்ளையை ஒளிச்சிருவாங்க. நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார்.

வேனில் ஆளுக்கு ஒரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. இசக்கியம்மா வீட்டு முற்றத்தில் தெருவே கூடியிருந்தது. கோடாங்கி சுடலையாண்டி உடுக்கை மடியில் வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேப்பங்குலை, ஒரு புளியம் விளாறு, காலைக் கட்டிப் போட்ட சேவல். தலைக்குத் தண்ணீர் விட்டு, ஈரச் சேலையோடு பொன்செல்வியைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். தலை நிற்கவில்லை. பிருந்தா நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

இசக்கியம்மா பிருந்தாவைப் பார்க்கவே இல்லை. "வாங்க டீச்சரம்மா, உங்களாலதான் எங்க வீடு தப்பிச்சுது" என்று சித்ரலேகாவுக்குப் பாய் எடுத்துப் போட்டாள்.

சித்ரலேகா நின்றுகொண்டே ஆரம்பித்தாள். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அது மனசு விட்டுப் பேசுததுக்காக நாங்க கேக்குத ஒரு கேள்வி. பிள்ளைக்கு இருதயம் சரியில்ல. யோசிச்சுப் பாருங்க, பம்பாயில இருக்க உங்க மகனுக்கு நாளைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?" இன்னும் நிறையச் சொன்னாள். நல்ல தமிழில், ஏற்ற இறக்கத்தோடு.

"பேய் இல்லைன்னா என்ன சேலைன்னு எதுக்குக் கேட்டீய?" என்றாள் இசக்கியம்மா.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. வாழ்க்கையில் சித்ரலேகாவுக்குப் பதில் வராத முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும். சுடலையாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு உடுக்கை எடுத்தார்.

அவள் பிருந்தாவைப் பார்த்தாள். நீ பேசு என்று கண்ணால் கெஞ்சினாள். பிருந்தா தலையை ஆட்டினாள். "நான் சொன்னா எடுபடாது அக்கா. அவங்க உங்களைத்தான் நம்புதாங்க. சீக்கிரம், நாடி விட்டு விட்டு அடிக்கு."

சித்ரலேகா இசக்கியம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஜெராக்ஸில் இருந்த கேள்வி ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மனதில் நிஜமாகவே ஒரு சந்தேகம் இருந்தது. அதைத்தான் கேட்டாள்.

"அந்தச் சாமத்துக்காரி இந்த வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவையா?"

விடை தெரியாமல் அவள் ஒருவரைக் கேட்ட முதல் கேள்வி அது. இசக்கியம்மா திடுக்கிட்டாள். "எதுக்குக் கேக்கிய?"

"தெரியாமத்தான் கேக்கேன்."

இசக்கியம்மா கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து விறகு அடுக்கியிருந்த பக்கம் போனாள். சித்ரலேகாவும் பின்னால் போனாள். இசக்கியம்மா ஒரு விறகை உருவி எடுத்துத் திரும்பவும் செருகினாள்.

"எங்கிட்டயும் வந்திருக்கா. வன்னியராஜ் லேசுல பொறக்கல. ரொம்ப வருசம் கழிச்சுத்தான் பொறந்தான். அதுக்கு முந்தி வருவா."

"வந்து?"

"இதேதான் சொல்லுவா. 'நீ என்னத்துக்குட்டி இருக்கே'."

"உங்களுக்குத் தெரிஞ்ச குரல் மாதிரி இருக்குமா?"

இசக்கியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க மாமியா குரலு" என்றாள்.

சித்ரலேகாவின் நாக்கு நுனியில் அடுத்த கேள்வி வந்து நின்றது. இந்தப் பிள்ளையிடம் யார் குரலில் வருகிறாள்? அதைக் கேட்டு இசக்கியம்மாவைத் தலைகுனிய வைக்கலாம். அதற்கு விடை அவளுக்குத் தெரியும். விடை தெரிந்த கேள்வி என்பதாலேயே அதை விழுங்கினாள். விழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது.

"நீங்க எப்படித் தப்பிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எங்க நாத்தனா இங்கன வந்து இருந்தா. அவதான் ராத்திரி எம்பக்கத்துல வந்து படுத்துக்கிடுவா. ஆள் பக்கத்துல கெடந்தா அவ அண்டமாட்டா." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். விறகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவளை நான் வெளியே தார்சால்ல தனியால்லா போட்டு வச்சிருந்தேன்" என்றாள், பாதிக் குரலில். "என் வாயும் சும்மா கெடக்காது டீச்சரம்மா."

புத்தி சொல்வதற்கு இதைவிடத் தோதான இடம் சித்ரலேகாவுக்கு என்றைக்கும் வாய்த்ததில்லை. அவள் பேசவில்லை.

இசக்கியம்மா முற்றத்துக்கு வந்தாள். "இன்னைக்கு வேண்டாம்வே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போறேன்" என்றாள்.

"நானும் அதான் சொல்லலாம்னு இருந்தேன். பிள்ளை முழியே நல்லால்ல" என்று சுடலையாண்டி உடுக்கைப் பைக்குள் வைத்தார். போகும்போது சேவலை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

வேனில் இசக்கியம்மா முன்பக்கம், பொன்செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின் சீட்டில் இரண்டு பேரும். பேட்டை தாண்டும்போது பிருந்தா கேட்டாள். "ஞாயித்துக்கிழமை எதுக்கு அக்கா போனீங்க?"

"பொறாமை."

"எப்பத்திலேருந்து?"

"உன் கேள்வியை எங்கிட்ட ஆரம்பிக்காத."

"இல்ல அக்கா, அதைத் தள்ளி நிறுத்தி, அதுக்கொரு பேரு..."

"பேரெல்லாம் வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஊர்தான் பழிச்சொல்லைத் தலையில ஏத்திவிட்டுது. இது அப்படி இல்ல. எனக்குள்ளயே மொளச்சது, நானே தண்ணி ஊத்துனேன். பேர் வச்சா பழியை அது மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்கிடுவேன். இசக்கியம்மா பேய் மேல போட்டாளே, அந்த மாதிரி."

பிருந்தா சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று சித்ரலேகா எதிர்பார்த்தாள். பிருந்தா சொல்லவில்லை. "அந்தப் பிள்ளை செத்திருந்தா, என்னாலதான்னு நான் காலமெல்லாம் நினைச்சுக்கிட்டுக் கெடந்திருப்பேன்" என்றாள். "எனக்கு இப்ப உங்ககூடப் பேச முடியல அக்கா." எழுந்து முன்னால் போய் இசக்கியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பொன்செல்விக்குத் துடிப்பு நிதானத்துக்கு வந்தது. கூட்டத்தில் டாக்டர், அந்த விறகுப் பக்கத்துப் பேச்சை எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். சித்ரலேகா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள் என்றார் அவர். அவ்வளவு நாளாக அவள் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அது இப்போது இனிக்கவில்லை. பிருந்தா அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வீட்டில் நடுக்கதவு சாத்தியே கிடந்தது.

சித்ரலேகா வார்டுக்குப் போனபோது பொன்செல்வி எழுந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"சின்னக்கா இனிமே வரவே மாட்டாவளா?" என்றாள்.

எரிந்தது. முற்றத்தில் உட்கார்ந்து உயிரை மீட்டுக்கொண்டு வந்தது யார்? பிள்ளை கேட்பது யாரை?

"வருவா. அன்னைக்கு வேற வேலைன்னு சொன்னது பொய். நாளைக்கு வருவா" என்றாள்.

வீட்டுக்குப் போய் நடுக்கதவைத் தட்டினாள். பிருந்தா திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அந்தப் பிள்ளை உன்னைத்தான் கேக்கு. எங்கிட்டப் பயப்படுதா. நீ போ."

"நீங்க?"

"நானும் வாரேன். நான் உள்ள வரல."

மறுநாள் 'செவி' அறைக்குள் பிருந்தாவும் பொன்செல்வியும் போனார்கள். கதவைச் சாத்திவிட்டு சித்ரலேகா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்லிய பேச்சுக்குரல். அப்புறம் சிரிப்பு. பொன்செல்விதான். அந்தப் பிள்ளை சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை. என்ன கேட்டிருப்பாள் இவள், எந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டிருப்பாள் என்று சித்ரலேகாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. எழுந்து போய்க் கதவில் காது வைக்க வேண்டும் போல இருந்தது.

இசக்கியம்மா பிளாஸ்க்கில் காப்பி வாங்கிக்கொண்டு வந்தாள். கதவைத் திறக்கக் கையை நீட்டினாள்.

"இங்கன உக்காருங்க" என்று சித்ரலேகா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உங்க நாத்தனா பக்கத்துல வந்து படுத்துக்கிடுவாவன்னீங்களே. ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டுக் கெடப்பீங்க?"

இசக்கியம்மா கதவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "அது ஒரு பெரிய கதைல்லா" என்று ஆரம்பித்தாள். உள்ளே மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. சித்ரலேகா திரும்பிப் பார்க்கவில்லை. "சொல்லுங்க, நான் கேக்கேன்" என்றாள்.